லவ் பேர்ட்ஸ் ஏன் அடுத்தடுத்து இறக்கின்றன? கூண்டின் இடமும் தட்டில் இருக்கும் தீனியும்

கேள்வி:

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் விடாமல் கேட்டதால், சென்ற ஆண்டு பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சந்தையில் மூன்று ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தோம். ஒன்றரை அடிக் கூண்டைச் சமையலறை வாசலை ஒட்டி மாட்டி, உள்ளே இரண்டு பானைகளும் கட்டியிருக்கிறோம். தினையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை. ஐப்பசியில் ஒரு பெண் பறவை முட்டையிட முடியாமல் முக்கி முக்கி இறந்துபோனது. போகியன்று விடியற்காலையில் நன்றாக இருந்த இரண்டு பறவைகள் மதியத்திற்குள் அடுத்தடுத்து விழுந்தன. மிஞ்சியிருக்கும் இரண்டு ஆண், ஒரு பெண் ஆகியவற்றில் ஓர் ஆணுக்கு மூக்கைச் சுற்றிச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருக்கிறது. பறவைக் கடையில் ஒரு மஞ்சள் பவுடரைக் கொடுத்துத் தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள், பயனில்லை. "நமக்குப் பறவை ராசியில்லை" என்கிறார் என் மாமியார். இவற்றை யாரிடமாவது கொடுத்துவிட்டு, மைத்துனர் தருவதாகச் சொல்லும் பச்சைக்கிளியை வாங்கிக்கொள்ளலாமா?

— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கூண்டு மாட்டியிருக்கும் இடம், அதன் அளவு, கொடுக்கும் தீனி, பறவைகள் இறந்த நாள் ஆகியவற்றை நீங்கள் எழுதியிருப்பதால், நேரில் பார்க்காமலேயே சிலவற்றைச் சொல்ல முடிகிறது. இறந்த பறவைகளின் உடல்கள் பரிசோதிக்கப்படவில்லை என்பதால் நான் சொல்வது ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம். பெண் பறவை தீனிக் குறைவாலும் ஓயாத இனப்பெருக்கத்தாலும் இறந்திருக்கிறது. போகியன்று விழுந்த இரண்டும் புகையால் இறந்திருக்கின்றன. மூக்கில் வெள்ளை பூத்திருக்கும் பறவைக்கு இருப்பது சொறிப்பூச்சி. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ராசிக்கு இதில் வேலையில்லை. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி, முறையாக வளர்க்கப்பட்டால் 7, 8 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். பத்தைத் தாண்டுவதும் உண்டு. கூண்டை இடம் மாற்றி, தட்டில் போடுவதையும் மாற்றினால் உங்களிடம் மிஞ்சியிருக்கும் மூன்றுக்கும் அந்த ஆயுள் கிடைக்கக்கூடும்.

முதலில் காற்று. தீனியில் உள்ள குறை ஒரு பறவையைக் கொல்ல மாதங்கள் ஆகும். கெட்ட காற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். நாம் இழுக்கும் காற்று நுரையீரலுக்குள் சென்று, வந்த வழியிலேயே திரும்புகிறது. பறவைகளுக்கோ நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் உண்டு. பெரும்பாலான இனங்களில் அவை ஒன்பது. அவை விரிந்து சுருங்குவதால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரல் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனைச் சேர்ப்பதற்காக அமைந்த இந்த ஏற்பாடு, காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதையும் அதே திறமையோடு இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கு வெறும் கண்ணெரிச்சலாகத் தெரியும் புகை, 35 கிராம் எடையுள்ள பட்ஜிக்கு உயிர் போகும் அளவாகலாம்.

போகி விடியலில் வடசென்னைத் தெருக்களில் என்ன எரிகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாயும் பழந்துணியும் மட்டும் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும் புகை, மார்கழிப் பனியோடு கலந்து, காற்றசைவு இல்லாத அந்த வேளையில் தெருவை விட்டு நகராமல் நிற்கிறது. மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்ட போகிகள் உண்டு. அந்தக் காலையில் உங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்ததா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்-ஸ்டிக் தவாவை வெறுமையாக அதிகத் தீயில் விட்டுவிட்டால், அதன் பூச்சு ஏறத்தாழ 260 முதல் 280 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிதையத் தொடங்கி, மணமோ நிறமோ அதிகம் தெரியாத ஓர் ஆவியை வெளியிடும். அது பறவைகளின் நுரையீரலில் இரத்தம் கசியச் செய்து உடனே கொல்லும். பண்டிகை நாள் அவசரத்தில் அப்படி நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த ஆவியாக இருந்திருந்தால், சமையலறை வாசலிலேயே தொங்கிய கூண்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்பதால், தெருப்புகையையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். எதுவாயினும் கூண்டு இருந்த இடம்தான் தவறு. நான்-ஸ்டிக் பாத்திரம் வீட்டில் இருந்தால் பறவை இருக்கும்வரை அதை எடுத்து வைத்துவிட்டு, இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்புங்கள்.

கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் சூடேறும் கொசு விரட்டித் திரவம், கரப்பான் மருந்து, அறை நறுமண ஸ்பிரே, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் இதே கணக்கில் வருபவை. வழிபாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சாம்பிராணி போடும் நேரத்தில் கூண்டைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, புகை முற்றிலும் வெளியேறிய பிறகு திரும்பக் கொண்டுவந்தால் போதும். கொசுவுக்குச் சுருள் கொளுத்துவதைவிட, பழைய கொசுவலையைக் கூண்டின் அளவுக்கு உறைபோல் தைத்து மாலையில் போர்த்துவது இருமடங்கு நன்மை தரும், ஏனெனில் பறவை அம்மையைப் பரப்புவதிலும் கொசுக்களுக்குப் பங்குண்டு. கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்கில் தீப்பிடிக்கும் நாட்களிலும், 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததைப் போன்ற வேளைகளிலும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி, கூண்டை வீட்டின் உட்பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆகவே கூண்டை இன்றே ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். நான்கு பக்கமும் திறந்தவெளியாக நடுவில் தொங்கும் கூண்டில் பறவை எப்போதும் அச்சத்தோடே இருக்கும் என்பதால், ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும். ஆனால் மழைக்காலத்தில் ஓதம் ஏறிப் பூஞ்சை படரும் சுவராக அது இருக்கக் கூடாது. உயரம் உங்கள் நெஞ்சளவு இருந்தால் போதும். மின்விசிறிக்கு நேர்கீழேயும் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும் வேண்டாம். பால்கனியில் நிரந்தரமாக மாட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காக்கை கம்பிக்கு வெளியிலிருந்தே கொத்திக் காலைப் பறித்துவிடும். இரவில் எலி ஏறும். பூனை ஏறாவிட்டாலும் அதன் நிழல் பட்டாலே பறவைகள் இருட்டில் முட்டி மோதி இறக்கின்றன.

ஒன்றரை அடிக் கூண்டு, கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஏற்ற அளவு; வாழ்வதற்கு ஏற்றதன்று. மூன்று பறவைகளுக்கு 3 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள கூண்டையே குறைந்த அளவாகக் கருதுங்கள். பட்ஜி நேராக மேலெழும்பிப் பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது என்பதால் உயரத்தைவிட நீளமே முக்கியம்; கோபுரம்போல் உயர்ந்த வட்டக் கூண்டுகள் பார்ப்பவருக்குத்தான் அழகு. கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்திற்கு மேல் இடைவெளி கூடாது. வெல்டு மெஷ் வாங்கி நீங்களே செய்துகொள்வதானால் ஒன்றைக் கவனியுங்கள்: புதிய கம்பியின் துத்தநாகப் பூச்சு ஆங்காங்கே துளிகளாகவும் பொடியாகவும் ஒட்டியிருக்கும், நாள் முழுவதும் கம்பியைக் கடிக்கும் பட்ஜியின் வயிற்றில் அது சேர்ந்தால் துத்தநாக நஞ்சாகும். வினிகர் தொட்ட இரும்புத் தூரிகையால் மெஷ் முழுவதையும் தேய்த்து, நன்றாகக் கழுவி, வெயிலில் சில நாட்கள் காயவிட்ட பிறகே பயன்படுத்துங்கள். பெயின்ட் உரிந்த பழைய கூண்டையும் துருப்பிடித்ததையும் வாங்காதீர்கள்.

கூண்டோடு வந்த வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிடுங்கள். ஒரே தடிமன் உள்ள குச்சியில் ஆண்டுக்கணக்கில் நின்றால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து, தோல் தடித்து, புண்ணாகிவிடும். கொய்யா, வேம்பு, முருங்கை ஆகியவற்றின் கிளைகளில் சுண்டுவிரல் தடிமன் முதல் கட்டைவிரல் தடிமன் வரை வெவ்வேறு துண்டுகளை வெட்டி, கழுவிக் காயவைத்து, தீனித் தட்டுக்கும் தண்ணீருக்கும் நேர்மேலே வராதபடி பொருத்துங்கள். கோயில் பக்கம் எளிதில் கிடைக்கிறதென்று அரளிக் கிளையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் பட்டையும் இலையும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

உறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. பட்ஜிக்கு இருளும் அமைதியும் கூடிய 10 முதல் 12 மணி நேர இரவு வேண்டும். தொலைக்காட்சி இரவு 11 மணி வரை ஓடும் வீட்டில், மாலை ஏழரைக்கே மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கமும் மூடிவிடுங்கள், அல்லது கூண்டைப் படுக்கையறைக்கு மாற்றுங்கள். வெயிலும் வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை, ஏனெனில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. காலை 7 மணியளவில் அரை மணி நேரம் பால்கனியில், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி வைத்து, காக்கையை விரட்ட மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கத்திரி வெயில் நாட்களில் அதையும் தவிர்த்து, அகலமான தட்டில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கைகளை உடலை விட்டு விலக்கி வைத்திருந்தால் வெப்பம் தாளவில்லை என்று பொருள்.

இனி தீனி. தினை கெட்ட தீனியன்று. பட்ஜியின் தாயகமான ஆஸ்திரேலிய வறண்ட புல்வெளிகளிலும் அது சிறு புல் விதைகளைத்தான் தின்று வாழ்கிறது. ஆனால் அங்கே அது பச்சையாகவும் பாதி முற்றியதாகவும் முளைவிட்டதாகவும் பல வகை விதைகளைத் தேடித் தின்கிறது. அதற்காக நாள்தோறும் பல கிலோமீட்டர் பறக்கிறது. மூட்டையில் காய்ந்த ஒரே தானியத்தை, பறக்கவும் இடமில்லாத கூண்டில் ஆண்டு முழுவதும் தின்பது, குழம்பும் கறியும் இல்லாமல் மூன்று வேளையும் வெறும் சோறு தின்பதற்கு ஒப்பாகும். வயிறு நிறையும், உடல் வற்றும். தினையில் வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். கால்சியம் மிகக் குறைவு. பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. தினையோடு சாமையும் பனிவரகும் கம்பும் கலந்து கொடுப்பது நல்லதே என்றாலும், இந்தக் குறைகளில் எதையும் அது தீர்ப்பதில்லை, ஏனெனில் எல்லாத் தானியங்களின் குறையும் ஏறத்தாழ ஒன்றுதான். கேழ்வரகில் மட்டும் கால்சியம் கூடுதல்.

வைட்டமின் ஏ குறையும்போது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புற மென்தோல் ஈரம் வற்றித் தடித்துப்போகிறது. தூசியையும் கிருமியையும் தடுக்கும் வேலையை அதனால் செய்ய முடிவதில்லை. கூண்டில் ஐந்து பறவைகள் இருந்தும் போகிப் புகையில் இரண்டு மட்டும் விழுந்ததற்கு, அவற்றின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே இப்படிப் பழுதடைந்திருந்ததும் காரணமாக இருக்கலாம். வெறும் தானியம் தின்னும் பட்ஜிகளில் அயோடின் குறைவால் தைராய்டு சுரப்பி வீங்கி, மூச்சு விடும்போது 'கிச் கிச்' என்ற ஒலி கேட்பதும் உண்டு. சூரியகாந்தி விதை கொடுத்தால் சரியாகிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். அது கொழுப்பு மிகுந்தது, பட்ஜி போன்ற சிறு பறவைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கே வழிசெய்யும்.

மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருக் கீரைக்காரரிடமே மருந்து இருக்கிறது. முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்தும் நிறைய உண்டு. பட்ஜிக்கு அதைவிடச் சிறந்த கீரை நம் ஊரில் கிடையாது என்பது என் கருத்து. அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லித்தழை, துருவிய கேரட், மஞ்சள் பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, குடமிளகாய் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பச்சை மிளகாயும் தின்னும். காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு நம்மைப்போல் இல்லை. பாலக்கீரையை எப்போதாவது மட்டும் கொடுங்கள், ஏனெனில் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கீரையானாலும் பூச்சிமருந்து போகும்படி மூன்று முறை கழுவி, ஈரத்தோடு கொடுங்கள். வாரத்திற்கு ஒருமுறை வேகவைத்த முட்டையில் நகக்கண் அளவு கொடுக்கலாம். நம் வெயிலில் முட்டை, காய், முளைப்பயறு எதுவும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தட்டில் இருக்கக் கூடாது.

நாளை காலை கீரையை வைத்துவிட்டு, "தொடவே இல்லை" என்று மறுநாளே நிறுத்திவிடாதீர்கள். இவற்றுக்குக் கீரை உணவென்றே தெரியாது. இரவு முழுவதும் தின்னாத பறவைக்கு விடியலில் பசி மிகும் என்பதால், அந்த வேளையில் ஈரமான முருங்கைக் கொத்தைக் கம்பியில் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தினையை வையுங்கள். அதற்கு மேல் பட்டினி போடுவது ஆபத்து. முதலில் இலையைக் கிழிக்கும், அதில் நனைந்து குளிக்கும், பிறகே தின்னும். கூட்டமாகத் தின்று பழகிய உயிர் என்பதால் ஒன்று தொடங்கினால் மற்றவை பின்பற்றும். உங்கள் மகன் கூண்டருகே உட்கார்ந்து அதே கேரட்டைக் கடித்துத் தின்பதும் வேலை செய்யும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகட்டும். தினையை நாளொன்றுக்குப் பறவைக்கு 2 தேக்கரண்டி என்று அளந்து போட்டு, தட்டில் மேலாகக் கிடக்கும் உமியைத் தினமும் ஊதிவிடுங்கள். பட்ஜி உமியை உரித்துத் தட்டிலேயே விட்டுவிடும். தட்டு நிறைந்திருப்பதாக வீட்டார் நினைக்க, வெறும் உமிக்கு நடுவே பறவை பட்டினியால் இறந்ததை இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கால்சியத்திற்குக் கணவாய் ஓடு நல்லது. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும். காசிமேடு உங்களுக்குப் பக்கம்தான் என்பதால் மீன் வாங்கும்போது கணவாய் அரிபவரிடம் கேட்டாலே கொடுத்துவிடுவார். உப்பும் கவிச்சியும் போகும்படி நல்ல தண்ணீரில் சில நாட்கள், தினமும் தண்ணீரை மாற்றி ஊறவைத்து, கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கம் உள்ளே இருக்கும்படி கம்பியில் கட்டுங்கள். மணலும் கல்லும் கலந்த 'கிரிட்' போட வேண்டும் என்று வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் சொல்லக்கூடும். புறா தானியத்தை உமியோடு முழுதாக விழுங்குவதால் அதற்கு அது தேவை. உமியை உரித்துத் தின்னும் பட்ஜிக்குத் தேவையில்லை, அளவு மீறினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், உப்பு சேர்த்த நொறுக்குத் தீனி ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தானியம் ஈரம் ஏற்றுப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அந்த மாதங்களில் அரை கிலோவுக்கு மேல் வாங்காமல், காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, முக்கல் வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரே அவற்றுக்கும் போதும்.

அந்த இரண்டு பானைகளையும் கழற்றிவிடுங்கள். இருண்ட பொந்தும், குறையாத தீனியும், இரவிலும் நீளும் வெளிச்சமும் சேர்ந்தால் பட்ஜிக்கு ஆண்டு முழுவதும் இனப்பெருக்கக் காலமாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றுவிட்டு ஒரு நாளாக 4 முதல் 6 முட்டைகள். அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய கால்சியம் தினையில் இல்லாததால் எலும்பிலிருந்து போகிறது. கடைசியில் முட்டையைத் தள்ளும் தசைக்கே வலுவில்லாமல் போய், முட்டை பாதையில் சிக்குகிறது. உங்கள் பெண் பறவைக்கு நேர்ந்தது இதுவே. மீதமிருக்கும் பெண்ணுக்கும் இது நேரலாம்: உடலைச் சிலிர்த்துக்கொண்டு, கூண்டின் தரையில் உட்கார்ந்து, வால் ஏறி இறங்க முக்கினால், சிறு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, பறவை விரும்பினால் விலகிக்கொள்ள மறுபக்கம் இடம் விட்டு, அந்த வெதுவெதுப்பில் வைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியேற்றப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் பறவை பிழைப்பதில்லை.

மஞ்சள் பவுடரை நிறுத்திவிடுங்கள். கோழிப்பண்ணைகளுக்காக விற்கப்படும் டெட்ராசைக்ளின் வகை மருந்தாகவே அது பெரும்பாலும் இருக்கும். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி அளவுகூடத் தண்ணீர் குடிக்காத பறவை, அதிலும் கசந்தால் குடிப்பதை நிறுத்திவிடும் பறவை, எவ்வளவு மருந்தை உட்கொண்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கணவாய் ஓட்டின் கால்சியத்தோடு சேர்ந்தால் அந்த மருந்து உடலில் சரியாகச் சேரவும் சேராது. சொறிப்பூச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தியினப் பூச்சி; நெமிடோகாப்டஸ் என்பது அதன் பெயர். அது அலகிலும் மூக்கிலும் காலிலும் துளையிட்டு வாழ்வதால் தேனடையைப் போன்ற வெண்ணிறப் பொருக்கு உண்டாகிறது. மனிதருக்கு ஒட்டாது. ஐவர்மெக்டின் என்ற மருந்தை எடைக்கேற்ப மிகச் சிறிய அளவில் கழுத்துத் தோலில் வைப்பார்கள். சில வாரங்களில் மீண்டும் ஒருமுறை தேவைப்படும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் விற்கும் அதே மருந்தை வாங்கி வீட்டிலேயே வைத்து, ஒரே துளியில் பறவையை இழந்தவர்கள் உண்டு. ஆகவே மருத்துவர் அளந்துதான் வைக்க வேண்டும். மற்ற இரண்டும் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் மூன்றுக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். பழைய குச்சிகளை எறிந்துவிடுங்கள். சிகிச்சை தராமல் விட்டால் அலகு கோணலாக வளர்ந்து, தின்ன முடியாமல் போய்விடும்.

பச்சைக்கிளி வேண்டாம். நம் நாட்டுக் காட்டுப் பறவையான அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அது சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சிறையும் அபராதமும் உண்டு. கிளி ஜோசியக்காரர் தெருவில் வைத்திருக்கிறாரே என்பது விளக்கமாகாது. சந்தையில் விற்கப்படும் குஞ்சுகள் மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்டவை. வழியிலேயே இறந்துபோனவற்றை நாம் பார்ப்பதில்லை. மைத்துனர் ஏற்கெனவே வைத்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே அவருக்கும் நல்லது. பட்ஜியும் காக்டீலும் ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸும் வெளிநாட்டு இனங்கள், கூண்டிலேயே பல தலைமுறைகளாகப் பெருகியவை என்பதால் அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் இந்த மூன்றும் தேறும்வரை எதையும் புதிதாக வாங்காதீர்கள். பின்னர் வாங்கினாலும் குறைந்தது 30 நாட்கள் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மகன் உட்பட எல்லோரும் சோப்பால் கை கழுவுங்கள். கிளி இனங்களிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல், அரிதென்றாலும், உண்டு. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, வாரத்திற்கு ஒரு நாள் மூன்று பறவைகளையும் நிறுத்து எழுதி வையுங்கள். அந்த வேலையை மகனிடம் கொடுங்கள். நோயை மறைப்பது பறவைகளின் இயல்பு. சிலிர்த்து உட்காரும் நிலை வரும்போது நோய் முற்றியிருக்கும், எடையோ அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். 35 கிராம் இருந்த பறவை 31 கிராமுக்கு வந்துவிட்டால் அன்றே காட்ட வேண்டும்.

மூக்கில் பொருக்கு உள்ள பறவையை இந்த வாரமே, மற்ற இரண்டோடு சேர்த்து, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். இருசக்கர வாகனத்தில் எதிர்காற்று படும்படி கொண்டுசெல்லாமல், கூண்டைத் துணியால் மூடி ஆட்டோவில் போங்கள். புறப்படும் முன் கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள். அன்றைய எச்சம் விழுந்த தாளை அப்படியே கொண்டுசென்றால், அதன் நிறத்தையும் நீர்த்தன்மையையும் பார்த்தே மருத்துவர் பாதி விவரத்தைத் தெரிந்துகொள்வார். பயன்படுத்திய தினையில் ஒரு கைப்பிடியும் அந்த மஞ்சள் பவுடரின் உறையும் உடன் இருக்கட்டும்.